மே மாதம் தவிர்த்துக் கொடைக்கானல்: எந்த மாதம், மலையின் எந்தப் பக்கம்?

#1 வைகைக்கரையான்
குடும்பத்தோடு கொடைக்கானல் போகலாம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர்: பெரியவள் பத்தாம் வகுப்பு, சின்னவன் ஒரு இடத்தில் நிற்காத வயசு. அண்ணனுக்கு மே மாதத்தில் லீவு கிடைக்காது. மற்ற மாதங்களில் அங்கே வெளியே சுற்ற ஏதாவது இருக்கிறதா, இல்லை மழையிலும் பனியிலும் அறைக்குள் உட்கார்ந்து கேரம் ஆட வேண்டியதுதானா? ஏரி, பூங்கா, சாக்லேட் கடை என்று முடித்துவிட்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 கடுகடுப்பு
ஒரு ஏரி, ஒரு பூங்கா, மூன்று பாறை. இதற்கு எந்த மாதம் போனால் என்ன? தூண் பாறைக்குப் போனேன், எதிரே வெள்ளைத் துணி கட்டியது போல மேகம். பாறையே தெரியவில்லை. நுழைவுச் சீட்டு வாங்கினது, குரங்கு என் பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கினது, இரண்டு மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அந்தக் காசுக்குக் குற்றாலம் போயிருக்கலாம்.

#3 மூஞ்சிக்கல்வாசி
கடுகடுப்பு அண்ணே, தூண் பாறைக்கு மத்தியானம் போயிருப்பீர்கள். 400 அடிக்கு நிற்கிற மூன்று பாறையும் பெரும்பாலான நாளில் காலை பத்து மணி வரை தெரியும். அப்புறம் கீழே பள்ளத்தாக்கில் வெயில் ஏற ஏற, ஈரக்காற்று மேலே வந்து மேகமாகி மூடிக்கொள்ளும். ஊரில் யாரைக் கேட்டாலும் "பாயின்ட் எல்லாம் காலையிலேயே பார்த்துடுங்க" என்றுதான் சொல்வார்கள். வருகிறவர்கள் எட்டரைக்கு எழுந்து, பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டு, பதினொன்றரைக்குக் கிளம்பினால் மேகத்தைத்தான் பார்க்க முடியும்.

வைகைக்கரையான் தம்பிக்கு: நான் இந்த ஊர்க்காரன், வீட்டில் வண்டி ஓட்டுகிற தொழில். மே மாதம்தான் எங்களுக்குச் சாப்பாடு போடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் சொந்தக்காரர்கள் யாராவது மே மாதம் வருகிறேன் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து ஊருக்குள் இருக்கிற மூஞ்சிக்கல் வரை எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது, அதற்கு இரண்டு மணி நேரம் ஆன நாட்கள் உண்டு.

எந்த மாதம் என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். கொடை இருக்கிற பழனி மலைத்தொடர் சின்ன மலையில்லை. கொடை ஊர் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே போனால் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று மேல்மலை. கிழக்கே இறங்கினால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று காப்பியும் மிளகும் விளைகிற கீழ்மலை. ஊரில் ஒன்றும் தெரியாமல் மஞ்சு மூடியிருக்கும் நாளில் தாண்டிக்குடியில் வெயில் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆடி மாதம் மேல்மலையில் காற்றும் சாரலுமாக இருக்கும், கீழ்மலையில் சும்மா தூறும். ஐப்பசி, கார்த்திகை என்றால் அந்தக் கணக்கு செல்லாது, எல்லாப் பக்கமும் கொட்டும். அதனால் மாதத்தையும் திசையையும் சேர்த்து யோசியுங்கள்.

#4 தேனிப்பொண்ணு
அண்ணா சொல்வது சரி. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து பெரியகுளம், கும்பக்கரை வழியாக அடுக்கம் சாலையில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் மழைக்காலத்தில் அந்தச் சாலையை நம்பாதீர்கள், மண் சரிந்து அடிக்கடி மூடுவார்கள். வத்தலக்குண்டு வழிதான் பெரிய சாலை, பழனி வழி இன்னொன்று.

அந்தக் காலத்தில் சாலையே கிடையாது. கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக நடந்தோ, ஆட்கள் சுமக்கிற டோலியில் உட்கார்ந்தோதான் மேலே போவார்களாம். வத்தலக்குண்டு மலைச்சாலை 1914-ல்தான் முடிந்தது. அந்தப் பழைய பாதை இன்னும் இருக்கிறது. வெள்ளகவி கிராமத்துக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள், போகிறவர்களும் கழற்றிவிட வேண்டும். ஊரே கோயில் மாதிரி என்பது அவர்கள் நம்பிக்கை.

#5 மிதிவண்டிக்காரன்
மதுரைக்காரன், வார இறுதியில் சைக்கிளோடு மலை ஏறுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். எனக்குப் பிடித்தது ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வானம் துடைத்த மாதிரி இருக்கும். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் பாதை கிட்டத்தட்டச் சமதளம், அங்கேயே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும், பிள்ளைகளுக்கு அது போதும். காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் குதிரைக்காரர்களும் சோளக்கதிர் வண்டிகளும் வந்திருக்க மாட்டார்கள்.

அதைவிட நல்லது ஊரிலிருந்து பூம்பாறை போகிற சாலை. கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர், ஏற்றமும் இறக்கமுமாகப் போகும். பூம்பாறை வருவதற்குச் சற்று முன்னால் சாலையோரம் நின்றால் கீழே கிராமமும், சுற்றிப் படிப்படியாக வெட்டிய வயல்களும் தெரியும். கேரட், உருளை, பீன்ஸ், பூண்டு என்று ஒவ்வொரு படியும் ஒவ்வொரு பச்சை. திரும்பி வருகிற ஏற்றத்தில் மூச்சு முட்டும், இளவயசுக்காரர்கள் மட்டும் முயலலாம். ஜூலை, ஆகஸ்டில் அந்தச் சாலையில் எதிர்க்காற்று சைக்கிளை நகரவிடாது.

#6 கடுகடுப்பு
ஜனவரியில் குளிர் எவ்வளவு என்று சொல்லவில்லையே. பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகிறார், பார்த்துச் சொல்லுங்கள்.

#7 மூஞ்சிக்கல்வாசி
நியாயமான கேள்வி. பகலில் 17, 18 டிகிரி, வெயிலில் நின்றால் இதமாக இருக்கும். ராத்திரி 8, சில நாள் அதற்கும் கீழே. மார்கழி, தையில் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி விழும். ஜிம்கானா, கீழ்பூமி, பாம்பார்புரம், ஏரிக்கரை ஓரம் எல்லாம் விடியற்காலையில் புல் வெள்ளையாக இருக்கும். நிறுத்தி வைத்த கார் மேல் பனி படிந்து கெட்டியாகும். வெயில் வந்த கொஞ்ச நேரத்தில் போய்விடும், பார்க்க வேண்டுமென்றால் ஆறரைக்கு எழ வேண்டும்.

பெரியவர்களுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். இங்கே பெரும்பாலான விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது. கம்பளி தருவார்கள், கேட்டால் இன்னொரு கம்பளி தருவார்கள். சுடுதண்ணீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஒரு விடுதியில் காலை ஏழிலிருந்து எட்டு வரைதான் என்று சொல்லி, என் வண்டியில் வந்த ஒரு குடும்பத்தைப் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்தார்கள்.

#8 பறவைப்பித்து
குளிர்காலத்துக்கு இன்னும் இரண்டு காரணம் சேர்க்கிறேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) பூக்கும். பேரிஜம் ஏரிக்குப் போகிற வழியில், புல்வெளி ஓரங்களில், கரடுமுரடான குட்டை மரங்களில் ரத்தச் சிவப்பாகக் கொத்துக் கொத்தாக இருக்கும். இரண்டாவது, இரவு வானம். டிசம்பர் 13, 14 வாக்கில் ஜெமினிட் எரிகல் பொழிவு. ஊர் விளக்கிலிருந்து தள்ளி மன்னவனூர்ப் பக்கம் தங்கி, மேகம் இல்லாத இரவு அமைந்துவிட்டால் அதற்கு ஈடு கிடையாது.

இந்தத் தெளிந்த வானத்துக்காகத்தான் சென்னையிலிருந்த வானியல் ஆய்வகத்தின் சூரிய ஆய்வை 1899-ல் இங்கே கொண்டுவந்தார்கள். அப்போது சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் வந்து போயிருந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழையின் போக்கு பிடிபடுமா என்று பார்ப்பதும் நோக்கங்களில் ஒன்று. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இந்த ஆய்வகத்தில்தான், இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றுதான் சொல்கிறார்கள். அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பெண்ணை அவசியம் கூட்டிப் போங்கள். நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிற இடம், ஆனால் வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் வாசலில் செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பறவை பார்க்க விரும்பினால் ஊருக்குள்ளேயே பாம்பே சோலை, பேர் சோலை, கொஞ்சம் தள்ளி வட்டக்கானல் சோலை. பழனி சிரிப்பான் கூட்டமாகக் கத்திக்கொண்டு புதர்களில் திரியும். நீலகிரி காட்டுப்புறா, கருப்பும் ஆரஞ்சுமாக ஒரு சின்ன ஈப்பிடிப்பான் எல்லாம் பொறுமையாக நின்றால் கிடைக்கும்.

#9 இயற்கைநேசன்
ஊசியிலைக் காட்டை யாருமே சொல்லவில்லையே! எனக்குக் கொடையிலேயே பிடித்த இயற்கைக் காடு அதுதான். போட்டோவுக்கு அருமை.

#10 பறவைப்பித்து
போட்டோவுக்கு அருமை, மறுக்கவில்லை. ஆனால் அது இயற்கைக் காடு இல்லை. 1906-ல் பிரையன்ட் என்ற வன அதிகாரி நட்டு வளர்த்தது, அவர் பெயரில்தான் பூங்காவும் இருக்கிறது. அந்த மரத்தடியில் நின்று கவனியுங்கள், பறவைச் சத்தமே குறைவாக இருக்கும். கீழே ஊசியிலை மெத்தை, வேறு செடி அதிகம் முளைக்காது. சீகை (வாட்டில்), தைலமரம் எல்லாமும் அப்படி நட்டதுதான், அவை பரவிப் பழைய புல்வெளிகளை விழுங்கிவிட்டன.

உண்மையான காடு சோலை. மடிப்பு மடிப்பாக இருக்கிற பள்ளங்களில், பாசி படிந்த குட்டை மரங்கள் நெருக்கமாக நிற்கும், சுற்றிலும் புல்வெளி. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் ஓடையாக விடுவது அந்தச் சோலையும் புல்லும்தான். கீழே பெரியகுளம், பழனிப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவித்தார்கள், 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களை எடுத்துவிட்டுப் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி மக்களும் பேசுகிறார்கள்.

#11 கடுகடுப்பு
அந்தக் கணக்கில் ஏரியும் செயற்கைதானே. மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் 1863-ல் அணை கட்டி உண்டாக்கியது. எல்லாமே வெள்ளைக்காரன் தனக்காகச் செய்துகொண்டது, நாம் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குகிறோம்.

#12 மூஞ்சிக்கல்வாசி
ஹாஹா, அண்ணே, அந்த ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சி. 180 அடி உயரத்திலிருந்து விழும், பார்க்க அழகு. ஆனால் ஊர் மொத்தத்தையும் தாண்டி வருகிற தண்ணீர், அதில் இறங்கிக் குளிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு அரிக்கும்.

#13 பூண்டுக்காரர்
பூம்பாறைக்காரன். இங்கே எல்லோரும் எங்கள் ஊரை மேலே நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போகிறார்கள். கீழே இறங்கி வாருங்கள். குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது, மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது எங்கள் நம்பிக்கை. தைப்பூசத்தை ஒட்டித் தேரோட்டம் நடக்கும், மேல்மலைக் கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சாலையோரக் கடையில் மலைப்பூண்டு என்று சொல்லி விற்பதெல்லாம் இங்கே விளைந்தது இல்லை. மலைப்பூண்டுக்குக் காரமும் வாசனையும் தூக்கலாக இருக்கும், பல்லை நசுக்கிய உடனே தெரியும். வீட்டு வாசலில் கட்டுக்கட்டாகக் காய வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்கினால் உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

ஜூலை, ஆகஸ்டில் வந்தால் வயல் நிறையப் பச்சை. கொடை ஊர்ச் சந்தையில் பேரிக்காய் குவிந்து கிடக்கும். பிளம்ஸ் வேண்டுமென்றால் மே, ஜூனிலேயே வந்துவிட வேண்டும். பேரிக்காய் செப்டம்பர் வரை தாக்குப்பிடிக்கும்.

#14 வைகைக்கரையான்
நன்றி, நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மழைக்காலத்தைப் பற்றி யாராவது நேராகச் சொல்லுங்கள். தென்மேற்கு மழையில் வரலாமா? அட்டைக் கடியை நினைத்தால் என் அண்ணிக்கு இப்போதே காய்ச்சல் வருகிறது.

#15 தேனிப்பொண்ணு
ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தாராளமாக வரலாம் அண்ணா. கேரளாப் பக்கத்து மழை மாதிரி நாள் முழுக்க ஊற்றாது. சாரல் விழும், நிற்கும், மேகம் சாலையில் நடந்து போகும், திடீரென்று வெயில் வரும். கோக்கர்ஸ் வாக்கில் நிற்கும்போது கீழே மேகமும் முதுகுப் பக்கம் வெயிலும் அமைந்தால், நம் நிழல் மேகத்தின் மேல் பெரிதாக விழுந்து சுற்றி வண்ண வளையம் தெரியும். எல்லா நாளும் வாய்க்காது. அந்த நடைபாதை ஒரு கிலோமீட்டர், மெதுவாக நடந்தால் உங்கள் அப்பாவும் நடந்துவிடுவார்.

ஆகஸ்ட் 14, 15-ல் சலேத் அன்னை ஆலயத் திருவிழா. 1860-களில் கட்டின பழைய கோயில், எந்த மதக்காரரும் போவார்கள்.

அட்டைக்கு: புல்லுக்குள்ளும் சோலைக்குள்ளும் இறங்கினால்தான் ஏறும். தார்ச்சாலையில், பூங்காவில் பயமில்லை. காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு, உப்போ மூக்குப்பொடியோ தடவிக்கொண்டால் போதும். பிடித்துவிட்டால் பிய்த்து எடுக்காதீர்கள், உப்பு வைத்தால் தானாக விழும். அரிப்பு இரண்டு நாள் இருக்கும், அவ்வளவுதான். அண்ணியிடம் சொல்லுங்கள்.

#16 மிதிவண்டிக்காரன்
அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடு வரை மட்டும் தள்ளி வையுங்கள் என்பேன். அதுதான் கொடைக்குப் பெருமழை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி, நிலத்தின் மேலேயே வந்து இந்த மலையையும் அடித்துவிட்டுப் போனது. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன, கரண்டும் இல்லை. புயல் கடலோரத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கிற நம் பழக்கம் மலையில் செல்லாது.

#17 மூஞ்சிக்கல்வாசி
அவர் சொல்வதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நவம்பரில் மழை விட்ட இரண்டு மூன்று நாள் இடைவெளி இருக்குமே, அப்போது மலைச்சாலை முழுக்க அருவி. பெயர் வைக்காத அருவிகள்தான் அதிகம். மதுரை, திண்டுக்கல் மாதிரிப் பக்கத்து ஊர்க்காரர்கள் வானிலை பார்த்துவிட்டு, "நாளைக்குக் கிளம்பு" என்று வர முடியும். சென்னையிலிருந்து ஒரு மாதம் முன்னால் டிக்கெட் போட்டு வருகிறவர்களுக்கு நவம்பர் சூதாட்டம்.

அருவி என்றதும் ஓர் எச்சரிக்கை. கீழ்மலையில் புல்லாவெளி அருவி இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஒரு இளைஞர் வீடியோவுக்காகப் பாறை விளிம்பில் நின்று, வழுக்கித் தண்ணீரோடு போய்விட்டார். அந்த வீடியோவையே லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். ஈரப்பாறை என்றால் யாராக இருந்தாலும் தள்ளி நில்லுங்கள், சின்னவனைக் கையை விட்டுவிடாதீர்கள். டால்பின் மூக்குப் பாறைக்கும் அதேதான், மழையில் அந்த இறக்கம் முழுக்க வேரும் சேறும். அப்பாவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

#18 ஒத்தையடி
என்ன எல்லோரும் முழங்கால் வலிக்காரருக்கே வழி சொல்கிறீர்கள். நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர், மார்ச்சில் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கி நடக்கப் பார்க்கிறோம். வெள்ளகவியிலிருந்து கும்பக்கரை, இல்லையென்றால் பேரிஜம் தாண்டி மூணாறு வரை பழைய சாலை ஒன்று இருக்கிறதாமே? சோசியல் மீடியாவில் பார்த்தேன். கைடு யாராவது தெரியுமா, பர்மிட் இல்லாமல் கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்களாம்.

#19 பறவைப்பித்து
மார்ச்சில் காட்டுக்குள் கூடாரமா? 2018 மார்ச் 11 நினைவிருக்கிறதா? இங்கிருந்து அதிகத் தூரமில்லை, தேனி மாவட்டம் குரங்கணி. நடைப்பயணம் போனவர்கள் புல்வெளித் தீயில் மாட்டிக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை புல் காய்ந்து சருகாக இருக்கும். காற்று அடித்தால் தீ மேடேறுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அதற்கப்புறம்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறையே வந்தது. இப்போது வனத்துறையே 'டிரெக் தமிழ்நாடு' என்று 2024-ல் இணையதளம் தொடங்கி, பல மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. உள்ளூர் ஆட்களையே வழிகாட்டியாக அனுப்புகிறார்கள். தீக்காலத்தில் அதையும் மூடுவார்கள். காட்டுக்குள் கூடாரம் போடுவதை விட்டுவிடுங்கள், நடக்க ஆசை என்றால் மழை முடிந்ததும் பதிவு செய்துகொண்டு வாருங்கள்.

மூணாறு பழைய சாலை மூடிப் பல வருடம் ஆகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சாலை, தமிழ்நாடும் கேரளாவும் வனப்பகுதி என்று விட்டுவிட்டன. நாம் போக முடிவது பேரிஜம் வரைதான். பர்மிட் இல்லாமல் கூட்டிப் போகிறேன் என்கிறவன் யானை வந்தால் முதல் ஆளாக ஓடுவான், உங்களை விட்டுவிட்டு.

#20 ஒத்தையடி
சரி சார், கோபப்படாதீங்க. மழை முடிந்ததும் வருகிறோம்.

#21 நிர்வாகி
அனுமதி இல்லாத பாதைகளுக்கு ஆள் தேடும் பதிவுகள் இனி நீக்கப்படும். மற்றபடி தொடருங்கள்.

#22 வைகைக்கரையான்
பேரிஜம் எப்படிப் போவது? அப்பா அதிகம் நடக்காமல் காட்டைப் பார்க்க அது ஒத்துவருமா?

#23 மூஞ்சிக்கல்வாசி
உங்கள் அப்பாவுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. வண்டியிலேயே போகலாம், ஏரிக்கரை வரை. வனத்துறை அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு, அதனால் காலையிலேயே வாங்கிவிட வேண்டும். மோயர் பாயின்ட்டில் செக்போஸ்ட், அங்கிருந்து காடு ஆரம்பம். வழியில் தொப்பி தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை, அமைதிப் பள்ளத்தாக்கு. தொப்பி தூக்கிப் பாறையில் தொப்பியைக் கீழே எறிந்தால் காற்று திருப்பிக் கொண்டுவந்து தரும் என்பார்கள். வாரக் கடைசியில் அங்கே தொப்பியை விட பிளாஸ்டிக்தான் பறந்தது ஒரு காலம்.

பேரிஜம் ஏரித் தண்ணீர்தான் பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர், அதனால் இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. யானைக் கூட்டம் ஏரிப் பக்கம் வந்து தங்கிவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் அனுமதியை நிறுத்திவிடுவார்கள். ஆகவே அதை மட்டுமே நம்பி ஒரு நாளை ஒதுக்காதீர்கள். கிடைக்காவிட்டால் மன்னவனூர் போவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

#24 பூண்டுக்காரர்
மன்னவனூர் என்றால் ஊரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் வாக்கில். பெரிய புல்வெளி, நடுவில் ஏரி, வனத்துறையின் சூழல் சுற்றுலா, பரிசல் உண்டு. பக்கத்திலேயே மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை. பாரத் மெரினோ ஆடு, முயல் எல்லாம் இருக்கும், சின்னவன் அங்கிருந்து கிளம்பவே மாட்டான். இன்னும் மேலே கூக்கால் ஏரி, அங்கே கூட்டம் குறைவு.

#25 கடுகடுப்பு
இப்படி எழுதி எழுதித்தான் கூக்காலிலும் இப்போது கூட்டம். பத்து வருடம் முன்னால் மன்னவனூர் பெயரே யாருக்கும் தெரியாது. இப்போது சாலை நெடுக மேகி கடை. கொஞ்சம் இடத்தையாவது விட்டு வையுங்கள்.

#26 பூண்டுக்காரர்
அண்ணே, அந்த மேகி கடையில் ஒன்று என் தங்கச்சி வீட்டுக்காரர் போட்டது. கேரட் விலை விழுந்த வருடம் அந்தக் கடைதான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியது. நீங்கள் பார்த்த அந்த அமைதியான காலத்தில் எங்கள் ஊருக்குப் பேருந்து நாளைக்கு இரண்டு தடவை. குப்பை போடாதே என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். வராதே என்று சொல்லாதீர்கள்.

#27 கடுகடுப்பு
அது சரி. குப்பையைத்தான் சொன்னேன். அந்தக் கடையில் டீ கிடைக்குமா?

#28 பூண்டுக்காரர்
இஞ்சி டீயே கிடைக்கும், வாங்க.

#29 தேனிப்பொண்ணு
குப்பை என்றதும், எல்லோருக்கும் தெரிய வேண்டியவை: ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது, பிடித்தால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வந்தால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து நடைமுறை. 2025-ல் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

#30 மிதிவண்டிக்காரன்
குறிஞ்சி பற்றி ஒருவரும் பேசவில்லை, ஆச்சரியம். நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030. ஆனால் குறிஞ்சியில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு, ஏதாவது ஒரு வகை அங்கங்கே பூத்துக்கொண்டுதான் இருக்கும். "குறிஞ்சி பூத்திருச்சு" என்று வாட்ஸ்அப்பில் வருகிற படத்தில் பெரும்பாலும் இந்த வகைகள்தான். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பூ இல்லாவிட்டாலும் போகலாம். 1936-ல் லீலாவதி ராமநாதன் கட்டியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர், இலங்கையின் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து சைவரானவர். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வானம் தெளிந்த நாளில் பழனி முருகன் கோயில் மலை தெரியும். படியும் குறைவு.

#31 வைகைக்கரையான்
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். பெரியவளுக்குப் பொதுத்தேர்வு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை நகர முடியாது. அரையாண்டு விடுமுறை என்றால் கிறிஸ்துமஸ், புது வருடக் கூட்டம். எனவே செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை. காட்டுப்பூவரசும் உறைபனியும் கிடையாது, தெரியும். பேரிக்காயாவது கிடைக்கும். தப்பான முடிவா?

#32 மூஞ்சிக்கல்வாசி
நல்ல முடிவு. ஒரு மழை அடங்கி அடுத்த மழை பிடிப்பதற்கு முன்னால் உள்ள இடைவெளி. மத்தியானத்துக்கு மேல் ஓர் இடிமழை வரலாம், குடை இருக்கட்டும். ஆயுத பூஜையும் அக்டோபர் 2-ம் சேர்ந்து நீண்ட வார இறுதி ஆனால் மே மாதம் போலவே ஆகிவிடும், அதற்கு முன்னால் திங்கள், செவ்வாய், புதன் என்று வந்து போய்விடுங்கள்.

தங்குவது ஊருக்குள்ளேயே இருக்கட்டும். மன்னவனூரில் தங்கினால் சுகம்தான், ஆனால் அப்பாவுக்கு ராத்திரி ஏதாவது என்றால் இவ்வளவு தூரம் வர வேண்டும். முதல் நாள் வந்த களைப்பில் ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் விடிந்ததும் தூண் பாறை, அப்புறம் பேரிஜம், முடியாவிட்டால் பூம்பாறை, மன்னவனூர். மூன்றாம் நாள் அப்சர்வேட்டரி என்கிற அந்தச் சூரிய ஆய்வகம், குறிஞ்சி ஆண்டவர். இறங்கும்போது நேரம் இருந்தால் பெருமாள்மலைக்குக் கீழே ஊத்து என்ற இடத்தில் பிரிந்து, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக வத்தலக்குண்டு போங்கள். காப்பித் தோட்டம் நடுவே சாலை. காப்பி பூப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரலில் காப்பியை மலர வைக்கிற பூ மழை விழுந்த பின்னால் வர வேண்டும், மல்லிகைத் தோட்டத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். அது அடுத்த தடவைக்கு.

ராத்திரி ஊருக்குள்ளேயே காட்டுமாடு திரியும், சாப்பிட்டுவிட்டு நடந்து வரும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். சாதுவாக நிற்கிறதே என்று கிட்டே போகக் கூடாது, முட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

#33 வைகைக்கரையான்
பிரிண்ட் எடுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் காரில்தான் வருகிறோம், அண்ணன்தான் ஓட்டுவார், மலையில் அதிகம் பழக்கமில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமா?

#34 மூஞ்சிக்கல்வாசி
ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விடச் சொல்லுங்கள், பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காது. கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்து அகலமாகத் திருப்ப வேண்டும், பேருந்து வந்தால் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். மஞ்சு மூடினால் ஹைபீம் போடக் கூடாது, எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். பெட்ரோலை வத்தலக்குண்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேல்மலைக்குப் போகிற அன்று ஊரை விட்டுக் கிளம்பும் முன் இன்னொரு தடவை முள்ளைப் பாருங்கள். பின் சீட்டில் சின்னவனுக்கு வாந்தி வந்தால் எலுமிச்சை ஒன்று கையில் இருக்கட்டும்.

#35 பூண்டுக்காரர்
பூண்டு எத்தனை கிலோ வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், எடுத்து வைக்கிறேன். கடுகடுப்பு அண்ணனுக்கும் சேர்த்து.

#36 கடுகடுப்பு
எனக்கு ஒரு கிலோ. மே மாதம் கழிந்து ஜூனில் வந்து வாங்கிக்கொள்கிறேன். காலை எட்டு மணிக்குத் தூண் பாறையில் இருப்பேன், பார்க்கலாம் இந்தத் தடவையாவது.